லாக்ஸ்டன்: ஒரு மேனரின் கிரயக் கதை

நேயர்களுக்கு வணக்கம். நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். இன்று நான் அப்படிப் புரட்டிப் பார்க்கப்போவது இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷரில் உள்ள லாக்ஸ்டன் என்ற மேனரை, அதாவது ஒரு பிரபுவின் உரிமையில் இருந்த ஊர்ப் பண்ணையை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கணக்கு அது.

இடைக்கால இங்கிலாந்தில் மேனர் ஒருவர் கைக்கு வந்தால் நிலம் மட்டும் வராது. குத்தகை வரும், ஊர்க்காரர்கள் செய்ய வேண்டிய வேலை வரும், கூடவே ஒரு நீதிமன்றமும் வரும். அந்த நீதிமன்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1066இல் நார்மானியர் படையெடுத்து வருமுன் லாக்ஸ்டன், டோக்கி என்பவரிடம் இருந்தது. 1086இல், படையெடுத்து வென்ற மன்னர் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் உரிமையாளர் ஜெஃப்ரி அல்சலின். விற்றவர், வாங்கியவர் என்ற பேச்சே இல்லை. வென்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த கைமாற்றங்கள் கல்யாணங்களின் வழியே நடந்தன. பெண் வாரிசு மூலமாக டி காக்ஸ் குடும்பத்துக்கும், மறுபடி அப்படியே எவரிங்காம் குடும்பத்துக்கும் போனது. இவர்களில் மட்டில்டா டி காக்ஸ் என்ற அம்மையாரை நான் மதிக்கிறேன். ஷெர்வுட் அரச வனத்தின் காவல் பொறுப்பு பரம்பரையாக இந்தக் குடும்பத்துக்கு உரியது. அந்த உரிமையைத் தன் பெயரில் வைத்திருந்தவர் அவர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவரிங்காம் ஒருவர் வனக் குற்றங்களில் சிக்கி அந்தப் பொறுப்பை இழந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஊருக்கு வடக்கே இந்த வம்சத்தின் கோட்டை மேடு இன்றும் புல் மூடிக் கிடக்கிறது.

இடையில் சில கைமாற்றங்கள். பிறகு 17ஆம் நூற்றாண்டில் முழுக்க முழுக்கக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர் வருகிறார்: லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன். மன்னர்களுக்கே கடன் கொடுத்தவர். கிழக்கிந்திய கம்பெனிக்குப் போட்டியாக, மன்னர் முதலாம் சார்லஸின் அனுமதியோடு இந்தியக் கடல்களுக்குக் கப்பல் அனுப்பிய கூட்டம் அவர் பெயரில்தான் இயங்கியது. அந்தக் கப்பல்கள் கோவா வரை வந்தன.

வணிகர் அல்லவா, வாங்கிய சொத்தை அளந்து பார்க்காமல் விடுவாரா? 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அவருக்காக ஒரு பெரிய வரைபடம் தயாரித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வீடு வீடாக, துண்டு துண்டாக நிலம். நடுவே ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர், மான் வேட்டையாடுகிறவர் என்று குட்டிக் குட்டி உருவங்கள். ஒரு குடியானவரின் நிலம் ஒரே இடத்தில் இல்லை. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்ற மூன்று பெரிய வயல்களிலும் நீளநீளத் துண்டுகளாகச் சிதறியிருந்தது. ஒன்றில் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு. நடுவே வேலி கிடையாது.

கோர்ட்டன் மறு ஆண்டே இறந்தார். வாரிசின் வியாபாரம் நொடித்தது. மேனர் பியர்பான்ட் குடும்பத்துக்குப் போனது. அவர்களே பின்னாளில் கிங்ஸ்டன் டியூக்குகள். இந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. இரண்டாம் டியூக் 1773இல் இறந்தபோது, தன் மனைவி எலிசபெத் சட்லீ ஆயுள் வரை அனுபவிக்கட்டும் என்று உயில் எழுதிவைத்தார். அந்த அம்மாளுக்கோ ஏற்கெனவே ரகசியமாக ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. டியூக்கின் சகோதரி மகன் ஒருவர் வழக்குக்கு வழி செய்ய, 1776இல் பிரபுக்கள் சபை எலிசபெத்தை இருதார மணக் குற்றவாளி என்று தீர்த்தது. ஆனாலும் உயில் நின்றது, சொத்து அவரிடமே இருந்தது. 1788இல் அவர் இறந்த பிறகு டியூக்கின் இன்னொரு சகோதரி மகனுக்குப் போனது. அவர் வழியில் வந்தவர்களே மான்வர்ஸ் பிரபுக்கள்.

இங்கிலாந்து முழுக்கப் பொது வயல்களை வேலி போட்டுப் பிரித்த காலம் அது. லாக்ஸ்டனிலும் ஓரளவு பிரித்தார்கள். ஆனால் நிலம் பல உரிமையாளர்களிடம் பின்னிக் கிடந்ததால் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. அதனால்தான் பழைய பொது வயல் முறை இங்கே பிழைத்தது. அந்தச் சிக்கலை நான் ஒரு பாக்கியம் என்றே சொல்வேன்.

சரி, அந்த நீதிமன்றம் என்ன ஆனது? இன்றும் கூடுகிறது. நவம்பர் கடைசியில் ஜூரிகளாக நியமிக்கப்பட்ட விவசாயிகள், அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். துண்டுகளின் எல்லையில் மரமுளை அடிக்கிறார்கள். யாராவது பாதையையோ பொதுப் புல்தரையையோ சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் மதுவிடுதியான டவ்கோட்டில் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. 1977இல் இதுபோன்ற பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பறித்த சட்டமும் லாக்ஸ்டனை விட்டுவைத்தது.

மான்வர்ஸ் பிரபு 1952இல் ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச நில நிர்வாகமான கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறியது. 2020இல் கிரவுன் எஸ்டேட் அதை விற்றபோது வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய பண்ணையே. பொது வயல் முறையையும் நீதிமன்றத்தையும் தொடர்ந்து காப்பாற்றுவோம் என்ற உறுதியோடுதான் வாங்கினார்கள்.