அடுத்த மருத்துவர் சந்திப்பு வரை யாரைக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குக் கழிப்பறைப் பேச்சு நிறைய வரும்.

குடல் அழற்சி நோயில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்று இரண்டு முக்கிய வகை. ரத்தமும் சளியுமாகப் போகும், வயிறு வலிக்கும், உடம்பு இளைக்கும். அடங்கும், மறுபடி கிளம்பும். அடக்கிவைக்க மருந்து உண்டு. ஒரேயடியாகத் தீர்க்க மருந்து கிடையாது. ரத்தம் போனாலே மூலம் என்று நாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் களிம்பு தடவுவோமே, அது தனிக்கதை.

குடல்நோய் வார்டில் நெடுநாள் சிஸ்டராக இருந்தவள் நான். டாக்டரைப் பார்ப்பது சில நிமிஷம். அடுத்து வரச் சொல்வது மூன்று மாதம் கழித்து. நடுவில் யாரைக் கேட்பது? இதைத்தான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டைப் பக்கத்து மருமகள் ஒருத்தி. நம் பெரிய வீடுகள்தான் தெரியுமே, ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால்தான் கழிப்பறை. இவளுக்கோ வந்தால் அடக்க முடியாது. அதனால் அடுப்படிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள். விசேஷ நாளில்கூட முகப்புக்கு வருவதில்லை. மாமியாருக்குக் கோபம்: "மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிறா."

ஸ்கேன், ஸ்கோப் எல்லாம் பார்த்தாயிற்று. நான் கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறே? கக்கூஸ் எம்புட்டு தூரம்?" அழுதுவிட்டாள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு என்றால் நோய் அடங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். விசாரித்தால், முகம் உப்புகிறதென்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானே நிறுத்தியிருக்கிறாள். அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லி அன்றைக்கே மருந்தைச் சரிசெய்தோம். மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினேன். "எங்க வீட்டுக் காரந்தான் இப்படிப் பண்ணிருச்சா?" என்றார். இல்லை ஆச்சி. நோய் கிளம்பியிருக்கும்போது காரம் சிலருக்குத் தொந்தரவைக் கூட்டும், ஆனால் நோயை உண்டாக்குவது அதுவல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிற கோளாறு இது. செட்டிநாட்டுச் சமையல்மேல் பழி போடுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இப்படிக் கேட்பதற்கென்றே பிரிட்டனில் தனிச் செவிலியர்கள் உண்டு. இந்த நோய்க்கான சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 2019ஆம் வருஷத் தரக்குறிப்பு அங்கே இரண்டரை லட்சம் மக்களுக்கு 2.5 பேர் வேண்டும் என்கிறது. அரை ஆள் என்றால் பாதி நேர வேலை, சிரிக்காதீர்கள். நோயாளி போன் செய்தால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பதில் வர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் பக்கம் இதற்கென்று தனியாக யாரையும் நான் பார்த்ததில்லை. சரி, பெரிய திட்டம் வரும்வரை ஆஸ்பத்திரிக்கு ஒரு சிஸ்டர், ஒரு போன் நம்பர், ஒரு நோட்டு போதாதா? எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் அசதயோபிரின் மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தப் பரிசோதனைக்கு வரவில்லையென்றால் அந்த நோட்டைப் பார்த்துக் கூப்பிடலாமே. அந்த மாத்திரையால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தால் வெளியே தெரியாது.

நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். இதே நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கப் போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: அதைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், விட்டுவிடாதீர்கள். அப்புறம், கர்ப்பமானால் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். வணக்கம்.