நெஞ்சு வராத நாளில்

அவைக்கு வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'ஆன்மிகச் சொற்பொழிவாளர்' என்று போட்டிருக்கிறார்கள். அச்சிட்டவர் மேல் குற்றம் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் எதையாவது போட்டாக வேண்டும். நான் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். வரவையும் செலவையும் நேர் செய்யத் தெரியும். கடவுளிடமும் அப்படித்தான் நடந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது பதினேழு. அன்றிலிருந்து அவள்தான் எனக்கு எல்லாம். அந்த அக்கா எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நோயில் விழுந்து, பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்தப் பதினான்கு மாதமும் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பிரார்த்தனை செய்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. கணக்கன் புத்தி போகுமா? எண்ணி வைத்திருந்தேன். எண்ணூற்றுச் சொச்சம். இவ்வளவு வரவு வைத்திருக்கிறேனே, எதிர்ப்பக்கத்தில் ஏதாவது எழுதப்படாமலா போகும் என்று நம்பினேன்.

எதுவும் எழுதப்படவில்லை. ஒரு விடியற்காலையில் அக்கா போய்விட்டாள். அன்று இரவு நான் பிரார்த்தனை செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. நாத்திகனாகிவிட்டேனா என்றால் இல்லை. நாத்திகன் கோபித்துக்கொள்ள எதிரில் ஆள் வேண்டாமா? எனக்கு ஆள் இருந்தது. அதுதான் தொல்லை.

வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார் எழுபது வயதைக் கடந்த ஒருவர். தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதை அவர் யோசிக்கவில்லை. எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது என்றார் இன்னொருவர். என்ன காரணம் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படித்த நண்பர் ஒருவர், துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டு என்று விளக்கினார். பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பவனைப் போல, நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று பல நாள் தேடினேன். அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் எழுதியதே சாகப்போகும் நோயாளிகளிடம் பேசித்தான் என்பது பிறகு தெரிந்தது. போகிறவர்களின் படிக்கட்டில் இருக்கிறவன் நின்று தேடியிருக்கிறேன்.

பைபிளில் யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர். அவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அருமையான நண்பர்கள். அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ தவறு செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா என்று கடவுளுக்காக வக்கீல் வேலை பார்த்தார்கள். கதையின் முடிவில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. கடவுளிடமே வழக்காடிய யோபுவின் மேல் இல்லை. கடவுளுக்காக வாதாடிய இந்த நண்பர்கள் மேல். இதைப் படித்த அன்றுதான் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

இனி ஒரு துடைப்பத்தின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டைப் பெருக்குவது அக்காவின் வேலை. வேறு யாரையும் தொடவிடமாட்டாள். இருட்டோடு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், வீடு முழுவதும் பெருக்குவாள். அவள் போய் மூன்று வாரம் அவள் படுத்திருந்த அறையை யாரும் திறக்கவில்லை. ஒருநாள் தூக்கம் வராமல் எழுந்தவன், ஏன் என்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்த தூசியோடு நீளமான நரைமுடி ஒன்று துடைப்பத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. குப்பையில் போட முடியவில்லை. எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. ஜன்னலைத் திறந்து காற்றில் விட்டேன். பிறகு விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தேன்.

மறுநாளும் எழுந்து பெருக்கினேன். அதற்கு அடுத்த நாளும். அதில் பக்தி இருந்தது என்று சொன்னால் பொய். எதையும் கேட்காமல் செய்யக்கூடிய ஒரு காரியம் என் கைக்குக் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அப்பரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்தராக அவரை எல்லோருக்கும் தெரியும். தம்பியாக நினைத்துப் பாருங்கள். பெரிய புராணம் சொல்கிறது: தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறக்கிறார்கள். அக்கா திலகவதியாருக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார் என்று செய்தி வருகிறது. அக்காவும் உயிர்விடத் துணிகிறார். நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்று தம்பி காலில் விழுந்து அழுகிறார். அந்தத் தம்பி இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அக்கா உயிரைத் தாங்கிக்கொண்டார். பிறகு அவர் என்ன செய்தார்? திருவதிகைக் கோயிலைப் பெருக்கினார். மெழுகினார். பூத் தொடுத்தார். வேறு சமயத்துக்குப் போயிருந்த தம்பி, சூலை என்ற வயிற்று நோயோடு ஒருநாள் அந்த அக்காவிடம்தான் திரும்பி வந்தார்.

அப்பர் பாடிய தாண்டகம் ஒன்றை நாம் பல முறை கேட்டிருப்போம். நிலைபெற வேண்டுமென்று நினைத்தால், 'நெஞ்சே நீ வா' என்கிறார். புலர்வதற்கு முன் கோயிலுக்குள் போய் அலகிட்டு, மெழுக்கிட்டு என்று வேலைகளை அடுக்குகிறார். அலகிடுவது என்றால் பெருக்குவது. பாடுவதும் கும்பிடுவதும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. இதில் இரண்டு இடங்கள் எனக்கு முக்கியம். ஒன்று, அவர் நெஞ்சைக் கூப்பிடுகிறார். ஏற்கெனவே வந்து நிற்கும் ஒன்றை யாராவது கூப்பிடுவார்களா? அவர் நெஞ்சும் வராமல் முரண்டு பிடித்திருக்கிறது. கையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதை அழைக்கிறார். இன்னொன்று, அந்தப் பாட்டின் கடைசிச் சொல். அமைதியாக இரு என்று முடிக்கவில்லை. 'அலறாநில்' என்று முடிக்கிறார். ஆரூரா, ஆரூரா என்று அலறு. தமிழ்ப் புலவர்கள் வேறு பொருள் சொல்லலாம். அக்காவை இழந்த தம்பியின் காதில் அது இப்படித்தான் விழுகிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும், ஒரு பழக்கம் படிய எத்தனை நாளாகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரி 66 நாள் என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். எண்ணூற்றுச் சொச்சத்தில் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு இதை அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். எனக்கு நாற்பதாம் நாளில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்திருந்தேன். தூசி எனக்காகக் காத்திருந்தது. அதற்கு யார் மேலும் வருத்தம் இல்லை.

பிரார்த்தனை திரும்பி வந்ததா என்றுதானே கேட்க நினைக்கிறீர்கள்? பழைய பிரார்த்தனை வரவில்லை. இப்போது நான் எதையும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்ற கொள்கை எனக்கு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த அம்மாவும் கேட்கத்தான் செய்வாள், கேட்கட்டும். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பெருக்கி முடித்ததும் சில நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று நிற்பேன். யாரோ கூட நிற்பது போல இருக்கும். பெரும்பாலான நாள்களில் இருக்காது.

யூதர்களிடம் 'கடிஷ்' என்றொரு பிரார்த்தனை உண்டு. இறந்தவருக்காகச் சொல்வது. அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. இறந்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்க இறைவனின் புகழ். இறைவனைப் புகழ வாயே வராத நேரத்தில் அதைச் சொல்லச் சொல்கிறார்கள். தனியாகச் சொல்லவும் முடியாது. பத்துப் பேராவது கூட இருக்க வேண்டும். தாய் தந்தைக்காகப் பதினோரு மாதம் சொல்வார்கள். ஏன் பன்னிரண்டு இல்லை? தீயவர்களுக்குத்தான் மறுமையில் பன்னிரண்டு மாதத் தண்டனை என்பது அவர்கள் மரபு. ஓர் ஆண்டு முழுவதும் சொன்னால், என் அப்பா அவ்வளவு தீயவர் என்று பிள்ளையே சொன்னதாகிவிடுமாம். அந்த ஒரு மாதத்தைக் குறைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

உடன்பிறந்தவர்களுக்குத் துக்கக் காலம் முப்பது நாள்தான். இதைப் படித்தபோது பழைய கணக்கன் விழித்துக்கொண்டான். அக்கா என்று முப்பது நாள் எழுதுவதா, அம்மா என்று பதினோரு மாதம் எழுதுவதா? எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.