ஜொகூர் லாமாவுக்கு ஒரு முறை போய் வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். மலாய்ப் பாரம்பரியம் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். மலாக்காவைப் பற்றிப் பேச நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளே அழகாகப் பேசுவார்கள். அதனால் நான் ஜொகூர் அரசின் பழைய தலைநகரான ஜொகூர் லாமாவை எடுத்துக்கொண்டேன். ஜொகூர் பாருவிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம் போல ஆகும். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு கம்போங், அதாவது ஒரு மலாய்க் கிராமம். அங்கே பழைய கோட்டையின் மண் அரண் இன்னும் இருக்கிறது, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது.

மலாக்காவில் உள்ள ஆ ஃபமோசா கோட்டை வாசல் போல ஒரு கல் வளைவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புல் மூடிய ஒரு மேடு, அவ்வளவுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். அதன் மேலே ஏறி நின்று ஆற்றைப் பாருங்கள், எதற்காக இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது உடனே புரிந்துவிடும். ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அது. கடலிலிருந்து எதிர்த்து வரும் எந்தக் கப்பலும் இந்த முனையின் பார்வையில் படாமல் மேலே போக முடியாது.

கதை 1511-இல் தொடங்குகிறது. போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் அதன் சுல்தான் மஹ்மூத் ஷா தப்பி, கடைசியில் பிந்தான் தீவில் அரசை நிறுத்தினார். 1526-இல் அதையும் அழித்தார்கள். அவர் சுமத்திராவின் கம்பாருக்குப் போய் 1528-இல் இறந்துபோனார். அவருடைய மகன் அலாவுதீன் ரியாயத் ஷாதான் ஜொகூர் ஆற்றுக்கு வந்து, 1540 வாக்கில் இந்த முனையில் தலைநகரைக் கட்டினார். ஊரைப் பறிகொடுத்து, அப்பாவையும் இழந்து வந்தவர். அந்த மேட்டில் நிற்கும்போது எனக்கு அதுதான் மனதை அடைத்தது.

சரி, அப்புறமாவது நிம்மதியாக இருந்தார்களா? இல்லை. 1564-இல் சுமத்திராவின் ஆச்சே அரசின் படை வந்து ஊரை அழித்து, அலாவுதீனையே பிடித்துக்கொண்டு போனது. பின்னால் வந்தவர்கள் மறுபடி இங்கே கட்டினார்கள், வணிகமும் திரும்பி வந்தது. அது மலாக்காவுக்குப் போட்டியாக வளர்ந்ததும் போர்த்துகீசியர் விடவில்லை. 1587-இல் பாவ்லோ டி லீமா பெரேரா தலைமையில் கோவாவிலிருந்து படை வந்து, கோட்டையை உடைத்து, ஊரை எரித்து, பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனது. இன்றைக்கு நாம் பார்க்கும் இடிபாடு அந்த நாளின் மிச்சம்.

ஆனால் அரசு அழியவில்லை, ஆற்றில் இன்னும் மேலே ஏறி பத்து சாவார் என்ற இடத்துக்குப் போய்விட்டது! இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மலாய் அரசு சுவருக்குள் இருந்த அரசு என்று நினைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படித்தால், ஓடிக்கொண்டே இருந்த தோல்விக் கதையாகத்தான் தெரியும். சுல்தானும், அவரை நம்பி வந்த குடிகளும், படகும், இந்த ஆறும் சேர்ந்ததுதான் அரசு. எரித்த இடத்தை விட்டு அடுத்த வளைவில் போய் நின்றார்கள். 1603-இல் ஜொகூர் ஆற்று முகத்துக்கு அருகே டச்சுக்காரர்கள் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தபோது ஜொகூர்க்காரர்கள் கூட நின்றார்கள். கடல் யாருக்குச் சொந்தம் என்று டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் ஐரோப்பாவில் எழுதிய வாதம் அந்தக் கப்பல் வழக்கிலிருந்துதான் பிறந்தது. 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் ஜொகூரின் உதவியோடுதான். மலாக்காவைப் பறிகொடுத்து 130 வருடம் கழித்து!

அருங்காட்சியகத்தில் அவசரப்படாமல் நடங்கள். 1960-இல் நடந்த அகழாய்விலேயே இந்த மண்ணிலிருந்து சீனப் பீங்கான் சில்லுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. வெள்ளையில் நீலக் கோடு ஓடும் ஒரு கிண்ணத்தின் விளிம்பு, ஒரு தட்டின் அடி வளையம், இந்த மாதிரித் துண்டுகளைக் குனிந்து பார்க்க வேண்டும். சீனக் கப்பல் சரக்கு இந்தக் கரை வரை வந்து, யாரோ அதில் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். போர், பீரங்கி என்று படித்துக்கொண்டே இருக்கிற நமக்கு, ஊர் என்று ஒன்று இங்கே இருந்ததை அந்தச் சில்லுதான் சொல்கிறது.

இதில் நமக்கும் ஒரு நூல் இழை இருக்கிறது. சேஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாறு 1612-இல் எழுதப்பட்டபோது, அரசு இதே ஆற்றின் கரையில் பாசிர் ராஜாவில் இருந்தது. அதைத் தொகுத்தவராகச் சொல்லப்படும் பெண்டாஹாரா (முதலமைச்சர்) துன் ஸ்ரீ லானாங் தன் வம்சத்தைச் சொல்லும்போது, மணி புரிந்தான் என்ற முன்னோரிடம் போய் முடிக்கிறார். அந்த மணி புரிந்தான் இந்தியக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர் என்று அதே நூல் சொல்கிறது. அப்படிப்பட்டவரின் வழிவந்தவர் தன்னை மலாய்க்காரர் என்று பெருமையோடு எழுதுகிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பயணம் என்றால் மலாக்காவோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஜொகூர் லாமாவின் அரணைச் சுற்றி நடக்க விடுங்கள், அருங்காட்சியகத்தைப் பாருங்கள், மதியத்துக்குள் கோத்தா திங்கிக்கு வந்துவிடலாம். அங்கே 1699-இல் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்ட, அதே பெயர் கொண்ட இன்னொரு சுல்தான் மஹ்மூதின் கல்லறை இருக்கிறது. அந்தக் கதையைப் பிள்ளைகள் வண்டியிலேயே கேட்பார்கள், படித்துக்கொண்டு போங்கள்.