எரிகோ மதிலுக்கு உள்ள இருந்த புள்ளைங்க

வணக்கம், எல்லாரும் சுகமா? இலங்கை மலைநாட்டுல, தியத்தலாவையில ஒரு மேட்டுல உக்காந்திருக்கேன். பனி இறங்குது, மூஞ்சி சரியாத் தெரியலைன்னா குறை நினைக்காதீங்க. பிளேன்டீ இருக்கு, கடிச்சுக்க கித்துள் கருப்பட்டி இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல எரிகோ பாடம். பைபிள்ல யோசுவா தலைமையில இஸ்ரவேல் ஜனங்க எரிகோ பட்டணத்தைச் சுத்தி வந்து கத்த, மதில் விழுற கதை. பிஸ்கட் பெட்டி, தேயிலைப் பெட்டியெல்லாம் அடுக்கி மதில் கட்டினோம். புள்ளைங்க ஏழு தரம் சுத்தி வந்து, கத்தி, தட்டி விட்டாங்க. ஒரே கும்மாளம். பெட்டிகளைப் பொறுக்கும்போது ஒரு பொடியன், ஒம்பது வயசு இருக்கும், கேக்கிறான்: "டீச்சர், உள்ளுக்குச் சின்னப் புள்ளைங்களும் இருந்திருப்பாங்க தானே?"

"ராகாப் வீட்டு ஆளுங்க தப்பிச்சாங்கடா"ன்னு மழுப்பிட்டேன். ராகாப் இஸ்ரவேல் வேவுக்காரங்களை ஒளிச்சு வச்ச எரிகோ பொம்பளை. அவ வீடு தப்பினது யோசுவா ஆறாம் அதிகாரத்துல இருக்கு. மத்தவங்களைக் கிழவர், வாலிபர்னு பாக்காம வெட்டினதும் அங்கேயே இருக்கு. நான் மழுப்பினது அவனுக்கு விளங்கிருச்சு.

அதான் இங்க வந்தேன். 1900ல இங்கிலீஷ்காரன் இந்தத் தியத்தலாவையில ஒரு முகாம் போட்டான். தென்னாப்பிரிக்காவுல அவனோட சண்டை போட்டுப் பிடிபட்ட போயர் கைதிங்க, அங்க குடியேறின டச்சு வம்சத்து ஆளுங்க, ஏறக்குறைய 5,000 பேர். நெருப்புக்காய்ச்சல்ல இங்கேயே செத்தவங்களும் உண்டு. சரியான வேதக்காரங்க இவங்க. இவங்க முன்னோர் 1838 டிசம்பர் 16ல சூலு படையோட மோதுறதுக்கு முந்தி கர்த்தர்கிட்ட பொருத்தனை பண்ணி, ஜெயிச்சு, அந்த நாளை வருசா வருசம் ஆசரிச்சாங்க. கர்த்தர் நம்ம பக்கம்னு முடிவே கட்டிட்டாங்க. பிறகு பாத்தா இந்தக் குளிருக்குள்ள கம்பி வேலிக்குப் பின்னால சங்கீதம் படிச்சுக்கிட்டு. வேலிக்கு வெளிய காவல் நின்னவனுக்கும் அதே பைபிள்தான். ஜெயிச்சா தேவ சித்தம், தோத்தா சோதனைன்னு சொன்னா எந்தச் சண்டைக்கும் அது சரியாப் போகுமே?

கொஞ்சம் பொறுங்க, பதுளை ரயில் போகுது... சரி.

சபையில பெரியவங்க இதை யோசிக்காம இல்ல. எந்த யுத்தம் நியாயமானதுன்னு பழைய சபைப் பிதா அகஸ்டின் தொடங்கி வச்ச யோசனையை 13ஆம் நூற்றாண்டுல அக்குவினாஸ்ங்கிற இறையியல் அறிஞர் மூணு நிபந்தனையா வச்சார். அதிகாரம் உள்ளவங்க அறிவிக்கணும், காரணம் நியாயமா இருக்கணும், நோக்கம் சுத்தமா இருக்கணும். முதல் ரெண்டையும் எந்த அரசாங்கமும் காயிதத்துல காட்டிரும். மூணாவதை யாரு பாக்கிறது?

அதுக்காக எந்த நேரமும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. போன்ஹோஃபர்னு ஜெர்மன் போதகர், ஹிட்லரைக் கவுக்கிற சதியில சேந்து 1945 ஏப்ரல் 9ல தூக்குல செத்தவர். பொறுப்பு எடுக்கிறவன் அதோட வர்ற குத்தத்தையும் சுமக்கணும்னு எழுதினவர். செஞ்சதுக்குக் கர்த்தர் பேரைக் கேடயமாப் பிடிக்கல. அந்த இடத்துலதான் நான் அவரை நம்புறேன்.

நம்ம நாட்டு யுத்த காலத்துல எங்க தோட்டத்து லயத்துல அம்மாயி தினமும் ராத்திரி முழங்கால் போடுவாங்க. யாரு ஜெயிக்கணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. "கொழும்புக்குப் போன புள்ளைங்களை செக்பாயின்ட்ல பிடிக்காம வீட்டுக்குக் கொண்டாந்து சேரும் ஆண்டவரே", அவ்வளவுதான். சில நாள் அதுவும் நடக்கல.

நேத்து அந்தப் பாடத்துக்கு முந்தின அதிகாரத்தைப் படிச்சேன். எரிகோவுக்குப் பக்கத்துல உருவின பட்டயத்தோட ஒருத்தர் நிக்கிறார். "நீர் எங்க ஆளா, சத்துரு ஆளா?"ன்னு யோசுவா கேக்கிறான். அதுக்கு அவர், "அல்ல"ங்கிறார். கர்த்தருடைய சேனைக்கு அதிபதியாம் அவர்! யோசுவா முகங்குப்புற விழுறான். இத்தனை வருசமா இதைத் தாண்டி நேரா மதிலுக்குப் போயிருக்கேன் பாருங்க.

வர்ற ஞாயிறு இதைத்தான் வாசிக்கப் போறேன். அந்தப் பொடியன் விடமாட்டான், "அப்ப அந்தப் புள்ளைங்க?"ன்னு கேப்பான். எனக்குத் தெரியாதுடான்னு சொல்லிருவேன். பெட்டியில மதில் கட்டுறது மட்டும் இனி இல்ல.

மழை வந்துருச்சு, போனை நனைக்க ஏலாது. வாறேன்.