நான்கு எழுத்துகளும் நம் வேலையும்

நேயர்களுக்கு வணக்கம். பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், ஆளுமை வகைப்பாடு பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், கைப்பேசியில் ஒரு கேள்வித்தாளை நிரப்பிவிட்டு, ராசி சொல்வதைப் போல ‘நான் ஐஎன்எஃப்ஜே’ என்று தங்கள் ஆளுமை வகையைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறார்கள். அந்த எழுத்துகளால் வேலையில் பயன் உண்டா என்றால், நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக அவை இருக்கும்வரை உண்டு. அடுத்தவரைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிட்டால் கேடுதான் விளையும் என்பது என் உறுதியான எண்ணம்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், மனித இயல்பு வகைகளைப் பற்றி 1921-இல் எழுதினார். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அதனைத் தழுவி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவரவருக்கு ஏற்ற வேலையைக் கண்டுகொள்ளத் துணையாக ஒரு கேள்வித்தாளை உருவாக்கத் தொடங்கினார்கள். அதுவே மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. தனித்திருந்து தெம்பு பெறும் அகமுகமா, பிறரோடு கலந்து தெம்பு பெறும் புறமுகமா என்பது முதலான நான்கு இணைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாக, மொத்தம் 16 வகைகள் ஆகின்றன.

இந்த இடத்தில், நான் எந்தப் பயிற்சியிலும் சொல்லாமல் விடாத ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, ‘இது உங்கள் இயல்பு’ என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைத் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஆவல், வெளியே கட்டுப்பாடு, உள்ளே கவலை என்று எவருக்கும் பொருந்துகிற வரிகள் அவை. நேயர்களே, ஒரு விளக்கம் ‘அப்படியே நான்தான்’ என்று தோன்றுவது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. ஆகவேதான், முடிவைப் படிக்கும் முன்னரே, சென்ற வாரம் எந்த வேலையைத் தள்ளிப்போட்டோம், எந்தக் கூட்டத்துக்குப் பின் களைத்துப்போனோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளும்படி நான் வற்புறுத்துவேன்.

ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் நான் கண்டது இதற்குப் பொருத்தமானது. அச்சுக்குள் கண்ணாடியின் மேல் பூ வடிவத் தகட்டை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றும் இளைஞர் ஒருவர் அங்கே இருந்தார். முதலாளியின் மகன் பட்டறையில் எல்லோரையும் கேள்வித்தாள் நிரப்பச் செய்ததில், இந்த இளைஞருக்கு ‘அகமுகத்தர்’ என்று வந்தது. அதன்பின் வாடிக்கையாளர் யார் வந்தாலும் இவரைக் கூப்பிடுவதில்லை. நான் இருந்த அன்று, வீடு கட்டும் ஒருவர் பச்சை நிறம் மாதிரிக்கல்லில் ஒன்றாகவும் வந்த சரக்கில் வேறாகவும் இருப்பதேன் என்று கேட்க, விற்பனையைப் பார்ப்பவருக்கு விடை தெரியவில்லை. வேறு வழியின்றி அழைக்கப்பட்ட அந்த இளைஞர், கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் எப்படி வெளிறும் என்பதை ஒவ்வொரு கல்லாக எடுத்துக்காட்டி, வந்தவர் மனம் நிறையும் வரை விளக்கினார். பிறகு என்னிடம், “பேசத் தெரியாமல் இல்லைங்க ஐயா. நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது” என்றார். எந்த எழுத்தும் சொல்லாததை, எந்தச் சூழலில் தடுமாறுவார் என்பதை, அவரே அறிந்திருந்தார். அகமுக இயல்பு பேச்சுத் திறமைக் குறைவு அன்று என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். வேலையிடங்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி என்ற பெரிய கட்டடங்களில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்தவன், துணையாளான அடுத்தாளாகவும், கடையை நடத்தும் மேலாளாகவும் உயர்ந்தான். மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரை ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி வேலை செய்ததால், அவன் இயல்பு உடனிருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கேள்வித்தாளில் இல்லாதது உடனிருப்போரின் இந்தப் பார்வையே. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்ற உள்நிலைகளை நாமே நன்கு அறிகிறோம். அறிவுத்திறன் போன்று பெருமையோடு தொடர்புடையவற்றில் நண்பர்களின் கணிப்பே துல்லியமாக இருக்கிறது. எனவே உங்கள் முடிவை உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் காட்டி, எந்த வரி பொருந்தவில்லை என்று கேளுங்கள். பொருந்தாத வரியைக் கேட்பதுதான் முக்கியம்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஐந்து பண்புகளை அளக்கும் மற்றொரு முறையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஆய்வாளர்கள் மிகுதியாகக் கைக்கொள்ளும் அந்த முறை, ஆளை இரண்டில் ஒன்றாகப் பிரிக்காமல், ஒவ்வொரு பண்பும் எவ்வளவு என்று அளக்கிறது. பெரும்பாலோர் நடுப்பகுதியில் இருப்பதால்தான், நான்கெழுத்துத் தேர்வை மீண்டும் எழுதும்போது பலருக்கும் ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. முதலாளிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதனை வெளியிடுவோரே சொல்லியிருக்கிறார்கள், நேர்காணலில் அதைக் கேட்காதீர்கள். நன்றி, வணக்கம்.