வரிச்சுமையும் அரசின் எல்லையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1959ஆம் ஆண்டில், எண்பது வயதில், இராஜாஜி தாம் வாழ்நாளெல்லாம் உழைத்த காங்கிரசை எதிர்த்து, என்.ஜி. ரங்கா, மினு மசானி முதலியோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவு விவசாயத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது அதற்கு உடனடிக் காரணம். ஆனால் அவருடைய மனத்தை உறுத்தி வந்த விஷயம் அதைவிடப் பெரியது. 1951ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட தொழில் ஒன்றில் புதிய ஆலை கட்டவோ இருக்கும் ஆலையைப் பெருக்கவோ வேண்டுமென்றால் தில்லியின் உரிமம் வேண்டும். எந்திரத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்கத் தனி அனுமதி வேண்டும். எஃகும் சிமெண்டும் வாங்க ஒதுக்கீடு வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு இராஜாஜி ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று பெயரிட்டார்.

இது பணக்காரர்களின் குறை என்று அன்று பலர் எண்ணினார்கள்; இன்றும் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் சரியன்று. தில்லியில் அலுவலகம் வைத்து, ஆள் அமர்த்தி, அமைச்சகப் படிகளில் ஏறி இறங்கும் வசதி பெரிய தொழிற்குடும்பங்களுக்கு இருந்தது. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் சிறிய பட்டறைக்காரருக்கோ சிவகாசியில் அச்சகம் நடத்துபவருக்கோ அது இல்லை. உரிமம் பெற்றவர் தமக்குப் போட்டியாக வேறொருவர் வர முடியாது என்ற நிம்மதியில் இருந்தார். அவர் செய்யும் ஸ்கூட்டருக்காக வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அனுமதி வழங்கும் அதிகாரம் எங்கே குவிகிறதோ அங்கே செல்வாக்கும் பணமும் போய்ச் சேரும் என்பதை இராஜாஜி நன்றாக அறிந்திருந்தார்.

இதை அவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோதே செயலிலும் காட்டியவர். 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானதும், போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசி பதுக்கப்படும், விலை ஏறிவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். அவர்கள் அஞ்சியபடி நடக்கவில்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அதே வழியில் நாடு முழுவதும் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தினார்.

வரியைப் பற்றியும் இராஜாஜிக்குத் தெளிவான பார்வை இருந்தது. வரியே கூடாது என்று சொன்னவர் அல்லர் அவர். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரே அவர்தாம். ஆனால் அது மிகக் குறைந்த விகிதத்தில், பரவலாக விதிக்கப்பட்ட வரி. பிற்காலத்தில் இந்திய அரசு சென்ற பாதை இதற்கு நேர் எதிரானது.

1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி 85 விழுக்காடு; அதன்மீது 15 விழுக்காடு கூடுதல் வரி; ஆக 97.75 விழுக்காடு. அந்த வரம்புக்குமேல் ஒருவர் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அவர் கையில் நின்றது இரண்டேகால் ரூபாய். ஒருவருடைய மொத்தச் செல்வத்தின்மீது மத்திய அரசு விதித்த செல்வ வரி இதற்குப் புறம்பு. இந்த நிலையில் ஒரு மருத்துவரோ வழக்கறிஞரோ ஆலை முதலாளியோ மேலும் உழைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? வருமானத்தை மறைப்பதற்கோ எல்லாக் காரணமும் இருந்தது. வரி ஏய்ப்பையும் கறுப்புப் பணத்தையும் ஆராய அரசே அமைத்த வாஞ்சூ குழு, அளவுக்கு மீறிய வரிவிகிதமே ஏய்ப்புக்கு முதன்மையான காரணம் என்று கூறி, உச்ச விகிதத்தை 75 விழுக்காடாகக் குறைக்கச் சொன்னது.

அதன்பின் குறைப்பு தொடர்ந்தது. 1976இல் சி. சுப்பிரமணியம் கூடுதல் வரியையும் சேர்த்து 66 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார், 1985இல் வி.பி. சிங் 50 ஆக்கினார், 1992இல் மன்மோகன் சிங் அடிப்படை விகிதத்தை 40 ஆக்கினார், 1997இல் ப. சிதம்பரம் 30 ஆக்கினார். கருவூலம் காலியாகிவிடவில்லை. 1990–91இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்த நேரடி வரி வருவாய், 2007–08இல் 6 விழுக்காட்டைத் தாண்டியது. விகிதக் குறைப்பு மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1991இல் தொழில் உரிம முறை பெரும்பாலும் ஒழிக்கப்பட்டதால் வந்த வளர்ச்சிக்கும், வரி பிடித்தம் செய்யும் முறை சீரானதற்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் வரியைக் குறைத்தால் அரசு திவாலாகும் என்ற அச்சம் பொய்த்தது. 2015இல் அந்தச் செல்வ வரி நீக்கப்பட்டபோது, நாடு முழுவதிலிருந்தும் அதன் ஆண்டு வசூல் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய்தான் என்பதை நிதியமைச்சரே சொன்னார். அந்தச் சிறு தொகைக்காக எத்தனை கோப்புகள், எத்தனை மதிப்பீட்டு வழக்குகள்!

மாநில அரசின் வரிகளில் இந்தப் பாடம் இன்னும் முழுமையாக ஏற்கப்படவில்லை என்பதே என் வருத்தம். பத்திரப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2017இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்காக நிலத்துக்கு அரசு குறிக்கும் மதிப்பை, குறைத்தபோது பதிவுக்கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தினார்கள். 2023இல் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 7 விழுக்காடு முத்திரைத்தீர்வையும் சேர்ந்தால் 9 விழுக்காடு. அறுபது இலட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கும் குடும்பம், ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்பே ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். இதிலிருந்து தப்பப் பலர் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி, மீதியை ரொக்கமாகக் கைமாற்றுகிறார்கள். வங்கி பத்திரத்தில் கண்ட விலையைப் பார்த்தே கடன் தருகிறது. ஆகவே மாதச் சம்பளத்தில் வரி பிடித்தம் போக மிஞ்சியதைச் சேமித்த ஆசிரியையால் அந்த ரொக்கத்தைப் புரட்ட முடிவதில்லை. கணக்கில் வராத பணம் வைத்திருப்பவருக்கு அந்த வீடு போய்விடுகிறது. நேர்மையானவரைப் பின்னுக்குத் தள்ளும் வரியை நியாயமான வரி என்று எப்படிச் சொல்வது?

சத்துணவுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அவை இரண்டும் தமிழ்நாடு பெருமைப்படத்தக்கவை. அவற்றைக் குறைக்க நான் கேட்கவில்லை. சட்டம் ஒழுங்கு, நீதிமன்றம், சாலை, குடிநீர், பள்ளி, பொது சுகாதாரம் ஆகியவற்றை அரசைத் தவிர யாரும் எல்லோருக்கும் தர இயலாது. ஆனால் 2003 முதல் மதுக்கடைகளையே நேரடியாக நடத்தும் அரசு, இழப்பில் ஓடும் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் பணம் போடும் அரசு, தன் கவனத்தையும் கருவூலத்தையும் இந்த முதற்கடமைகளிலிருந்து திருப்பிவிடுகிறது.

பெண்கள் பெயரில் பதியப்படும் பத்து இலட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை தரப்படுகிறது. அந்தச் சலுகையை எல்லோருக்கும் விரிக்க வேண்டும். முத்திரைத்தீர்வையை ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வீதம் படிப்படியாகக் குறைத்து 4 விழுக்காட்டில் நிறுத்தலாம். ஒவ்வொரு ஆண்டும் பதிவான பத்திரங்களின் எண்ணிக்கையையும் மொத்த வசூலையும் சட்டமன்றத்தில் வைக்கலாம். வசூல் உண்மையிலேயே குறைந்தால் அடுத்த ஆண்டுக் குறைப்பை நிறுத்திக்கொள்ள அரசுக்கு வழி இருக்கிறது. நன்றி, வணக்கம்.