பெட்ரோல் முள் அசையவில்லையா? மீட்டரைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்

[காட்சி: பைக் மீட்டர். சாவி திரும்புகிறது. பெட்ரோல் முள் எம்ப்டியிலேயே கிடக்கிறது.]

இப்போதுதான் பங்க்கில் பெட்ரோல் போட்டிருப்பீர்கள், முள் மட்டும் எழுந்திருக்காது. இல்லாவிட்டால் டேங்க் காய்ந்து வண்டி நடுரோட்டில் நின்ற பிறகும் முள் ஃபுல்லிலேயே நிற்கும். கேட்டால், "மீட்டர் போச்சு, செட்டாத்தான் மாத்தணும்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரம் கோளாறு மீட்டரில் இருப்பதில்லை. டேங்குக்குள்ளே இருக்கும், இல்லையென்றால் அங்கிருந்து வரும் வயரில் இருக்கும். மீட்டரைக் கழற்றாமலே அதைக் கண்டுபிடிக்கலாம். வோல்ட்டும் ஓமும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு துண்டு வயர் போதும்.

அதற்கு முன் ஒன்று. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் பெட்ரோலும் சாயும், முள்ளும் தப்பாகத்தான் காட்டும்.

[காட்சி: டேங்கின் குறுக்குவெட்டுப் படம்.]

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கடையில் ஃப்ளோட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெட்ரோல் ஏற ஏற மிதவையின் கை மேலே போகும். கையின் மறுமுனையில் உள்ள சின்னத் தகடு, மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசிக்கொண்டே நகரும். பெரும்பாலான பைக்குகளில் டேங்க் நிரம்பியிருந்தால் தடை குறைவு, காலியானால் அதிகம். தோராயமாக 10 ஓமில் இருந்து 100 ஓம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி மாறும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

தடை குறைந்தால் கரன்ட் கூடும், முள் ஏறும். பழைய வகை மீட்டரில் முள்ளைத் தள்ளுவது சூடுதான். இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டையின் மேல் கம்பி சுற்றியிருக்கும். கம்பி சூடானால் பட்டை வளையும், முள் நகரும். சாவி போட்டதும் முள் மெதுவாக எழுவது அதனால்தான். அந்தச் சோம்பல் நல்லதுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முள் ஆடும்.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. வயர் அறுந்தால் கரன்ட் போகாது, முள் எம்ப்டியில் கிடக்கும். வயரின் தோல் உரிந்து பாடியில் பட்டால் தடையே இல்லாமல் கரன்ட் பாயும், முள் ஃபுல்லில் நிற்கும். அரை டேங்கில் மட்டும் பொத்தென்று விழுந்து, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி எழுந்தால், பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது.

[காட்சி: டேங்கின் அடியில் கப்ளரைப் பிரிக்கும் கை.]

சரி, சோதனைக்கு வருவோம். ஃப்ளோட்டில் இருந்து வரும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கை, பிரியுங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், சில நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லையா? சாவியை ஆன் செய்து, மீட்டர் பக்கம் போகும் கப்ளரின் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் இணையுங்கள். முள் ஃபுல்லை நோக்கி நகர வேண்டும். நகர ஆரம்பித்ததும் வயரை எடுத்துவிடுங்கள். சில நொடிகளுக்கு மேல் வைத்தால் நல்ல மீட்டரும் கெட்டுவிடும். சில வண்டிகளில் தடைக்கணக்கு தலைகீழாக இருக்கும். முள் அசைகிறதா என்பதுதான் கேள்வி. டிஜிட்டல் மீட்டர் என்றால் இதைச் செய்யாதீர்கள், நேராக ஃப்ளோட்டை அளந்து பாருங்கள்.

முள் நகர்ந்தால் மீட்டரும் வயரிங்கும் நன்றாக இருக்கின்றன. நகராவிட்டால் மீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த், அதாவது கரன்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு, சரியா என்று பாருங்கள். இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு பெட்ரோல் முள்ளும் ஆடுகிறதா? எர்த் போல்ட்டைத்தான் முதலில் தேட வேண்டும். கரன்ட்டும் எர்த்தும் வயரும் சரியாக இருந்தும் முள் அசையாவிட்டால் மட்டுமே மீட்டர் மேல் சந்தேகப்படலாம்.

[காட்சி: திறந்த வெளி. பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்படுகிறது.]

இனி ஃப்ளோட். இந்த வேலை வாசலில்தான், வீட்டுக்குள் வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடித்துவிட்டுத் தொடங்குங்கள். எஃப்ஐ, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்ஷன், வண்டிகளில் பலவற்றில் ஃப்ளோட் பெட்ரோல் பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். பிரஷர் லைனைப் பிரிக்க வேண்டிவரும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதுதான் என் யோசனை.

[காட்சி: அருகில். மல்டிமீட்டர் 200 ஓம் அளவில். விரல் மிதவையை உயர்த்துகிறது.]

ஃப்ளோட்டை டேங்கில் இருந்து வெளியே எடுத்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் வயர் முனைகளில் வைத்து, மிதவையைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் எங்காவது அளவைத் தாண்டிக் குதித்தால் பட்டையில் அந்த இடம் போய்விட்டது. இதைப் பார்க்க பழைய முள் வைத்த மல்டிமீட்டர் இன்னும் நன்றாக இருக்கும், குதிப்பு கண்ணுக்கே தெரியும். அப்புறம் மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை. பெட்ரோல் குடித்த மிதவை மிதக்காது. உலோக மிதவையாக இருந்தாலும் ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க முயலாதீர்கள், உள்ளே ஆவி இருந்தால் வெடிக்கும். மாற்றிவிடுங்கள்.

பட்டை அழுக்காக மட்டும் இருந்தால் கான்டாக்ட் கிளீனரும் பஞ்சும் போதும். உப்புத்தாள் வேண்டாம், பட்டையில் உள்ள மெல்லிய கம்பியைத் தின்றுவிடும். தகடு பட்டையைத் தொடாமல் தளர்ந்திருந்தால், இடுக்கியால் ஒரு மயிரிழை வளையுங்கள். கை சிக்கினால், கீல் ஓரத்தில் டேங்கின் துருத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது பழைய ரப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பெட்ரோலில் ஊறி உப்பியது மறுபடி சரியாக உட்காராது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதலில் ஒரு லிட்டர் ஊற்றி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பலாம்.